ஸ்கைலாப் முதல் காஸ்மோஸ் வரை: வானத்திலிருந்து விழுந்த பாக்கி

"ஸ்கைலாப் விழப்போகுதாம்" என்று 1979 ஜூலையில் ஊரே பேசியதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கே விழும் என்று நாசாவுக்கே சரியாகத் தெரியாத நிலை.

1973-இல் அமெரிக்கா அனுப்பிய விண்வெளி நிலையம் அது. எடை சுமார் 77 டன். சூரியனின் சீற்றத்தால் மேல் வளிமண்டலம் சூடாகி விரிய, உராய்வு கூடி, எதிர்பார்த்ததை விட முன்னதாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது. அதை மேலே தள்ளிவிட நம்பியிருந்த ஸ்பேஸ் ஷட்டில் முதலில் பறந்ததே 1981-இல்தான்! கடைசியில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் நகர நிர்வாகம் விளையாட்டாக 400 டாலர் அபராதம் விதித்தது. 2009-இல் ஒரு அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார்.

வங்கிக்காரன் புத்தி கணக்கில்தானே நிற்கும்? எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முந்தைய வருடக் கதை.

1978 ஜனவரி 24. சோவியத்தின் காஸ்மோஸ் 954 உளவு செயற்கைக்கோள் கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறியது. அதற்குள் இருந்தது அணு உலை! உறைபனியில், மாதக்கணக்கில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடினார்கள். செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் கனடா டாலர்.

1972-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தப்படி, விண்பொருள் தரையில் சேதம் விளைவித்தால், தப்பு யார் மேல் என்ற கேள்வியே இல்லை, ஏவிய நாடு பொறுப்பு. கனடா அனுப்பிய பில் 60,41,174 டாலர் 70 சென்ட். (அந்த 70 சென்ட்டை விடவில்லை பாருங்கள்!) வழக்கமாகவே கொடுக்கும் சம்பளம் போன்றவற்றை விட்டு, இந்த வேலையால் கூடுதலாக ஆன செலவை மட்டும் கேட்டார்கள்.

1981-இல் சோவியத் கொடுத்தது 30 லட்சம். இத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்து. எங்கள் பாஷையில் 'ஒன் டைம் செட்டில்மெண்ட்'. ஆனால் அந்தக் காகிதத்தில் சோவியத் தன் பொறுப்பை எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் அதே மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பாகம்தான். 1979-இல் பயந்து வானத்தைப் பார்த்த நாம், இன்று ஏவுகிற வரிசையில் நிற்கிறோம். பெருமைதான். ஆனால் பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும் இருப்பதில்லையே. நம் பெயரிலும் ஒரு பற்றுப் பக்கம் திறந்தாயிற்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.