கடல் கடந்து கற்ற பாடம்: நியூயார்க்கில் போன்ஹோபர், 1930–31

இறையியல் மாணவர் அயல்நாட்டுக் கல்லூரிக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்லும் வழக்கம் திருச்சபைக்குப் புதியதன்று. அவ்வாறு சென்றவருள் பெரும்பாலோர் பட்டமும் நூல்களும் நட்பும் பெற்றுத் திரும்பினர். ஒரு சிலர் வாழ்விலேயே அப்பயணம் பின்னர் வந்த போராட்டங்களுக்கு வித்தாக அமைந்தது. ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் (1906–1945) நியூயார்க் என்னும் துறைமுக நகரில் இரு பருவங்கள் பயின்ற 1930–31ஆம் கல்வியாண்டு அத்தகையது. அவருடைய சிறைக் கடிதங்களை நம்மில் பலர் அறிவர். சீடத்துவத்தைப் பற்றி 1937இல் வெளிவந்த அவரது நூலும் நமக்குப் புதியதன்று. ஆனால், அவற்றை எழுதிய கரம் அயல்நாட்டில் எவரிடம் கற்றது, கற்றது தாய்நாட்டில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பவற்றை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை.

புறப்பாட்டின் பின்னணி

போன்ஹோபர் 1927இல், தமது 21ஆம் வயதில், பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, மற்றொரு கடற்கரை நகரமாகிய பார்சிலோனாவில் ஜெர்மானியர் சபைக்கு உதவிப் போதகராகச் சென்றார். அங்கே 1929 பிப்ரவரியில் அவர் ஆற்றிய அறநெறிச் சொற்பொழிவு இன்று படிப்போரைத் திடுக்கிடச் செய்யும். தன் மக்கள்மீது கொண்ட அன்பினிமித்தம் போர்க்களத்தில் பகைவனைக் கொல்வதை அவர் அதில் நியாயப்படுத்தினார். இதனை ஓர் இளைஞரின் தனிக் கருத்தென்று கொள்ளலாகாது. முதல் உலகப் போரில் 1918இல் அவர் அண்ணன் வால்ட்டர் மாண்டிருந்தார். தோல்வியின் காயம் ஆறாத அத்தலைமுறையில், தேசப்பற்றையும் விசுவாசத்தையும் வேறு பிரித்தறியாத இறையியலே ஜெர்மானியப் பிரசங்க பீடங்களில் பரவலாக ஒலித்தது.

1930இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதியையும் அவர் பெற்றுவிட்டார். எனினும், குருப்பட்டம் பெறுவதற்குரிய 25 வயது நிரம்பவில்லை. இந்த இடைவெளியிலேதான் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் ஓராண்டு பயில உதவித்தொகை கிடைத்தது. 1930 செப்டம்பரில் அவர் கப்பலேறினார். அதே மாதத்தில் நடைபெற்ற தேர்தலில், ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 12 இடங்கள் பெற்றிருந்த நாட்சிக் கட்சி 107 இடங்களைக் கைப்பற்றியது.

வகுப்பறையில் கண்டது

பெர்லினின் கட்டுக்கோப்பான இறையியலில் ஊறி வந்தவருக்கு யூனியனின் வகுப்புகள் ஏமாற்றமளித்தன. பாவத்தையும் மன்னிப்பையும் குறித்து லுத்தர் எழுதிய பகுதி வாசிக்கப்பட்டபோது மாணவர் சிலர் வாய்விட்டுச் சிரித்ததைத் தம் அறிக்கையில் அவர் குறித்துள்ளார். நகரின் பெரிய ஆலயங்களில் கேட்ட பிரசங்கங்களில் எல்லாப் பொருளும் பேசப்பட்டன. சிலுவையின் நற்செய்தியை மட்டும் காணவில்லை என்பது அவர் துணிபு. ஜான் பெய்லியின் ஆய்வு வகுப்பில் அவர் கார்ல் பார்த்தின் இறையியலை எடுத்துரைத்து, அதற்காக உறுதியாக வாதாடினார்.

ஆயினும், அயல்நாட்டுக் கல்லூரியின் குறைகளைப் பட்டியலிடுவதோடு அவர் நிறைவடையவில்லை. 1929இல் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வேலையிழந்தோர் நியூயார்க் வீதிகளில் உணவுக்காக வரிசையில் நின்றனர். யூனியன் மாணவர்கள் இதனைப் புறக்கணிக்கவில்லை. கோட்பாட்டில் மெலிந்தவர்களாக அவருக்குத் தோன்றியவர்களே அயலானின் பசியைக் கண்டு செயல்படுவதையும் அவர் கவனித்தார். ரைனால்டு நீபரின் வகுப்பில் கறுப்பின எழுத்தாளர்களின் படைப்புகளை வாசித்தார். கல்லூரி அமைந்த மேட்டுப் பகுதியின் அடிவாரத்தில் பரந்து கிடந்தது, அவ்வெழுத்தாளர் பலர் பாடிய ஹார்லம்.

ஹார்லமின் ஆலயத்தில்

ஹார்லமுக்கு வழி காட்டியவர் உடன் பயின்ற கறுப்பின மாணவர் ஃபிராங்க் ஃபிஷர். இவர் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்தவர், போதகரின் மகன். இவருடைய களப்பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது 138ஆம் தெருவிலுள்ள அபிசீனியன் பாப்திஸ்து சபை. போன்ஹோபர் ஒரு பார்வையாளராக ஒருமுறை சென்று திரும்பவில்லை. பல மாதங்கள் ஞாயிறுதோறும் அங்கே வழிபட்டார். ஃபிஷருடன் சேர்ந்து ஞாயிறு பள்ளியில் சிறுவருக்குக் கற்பித்தார். குடும்பங்களின் வீடுகளுக்கும் சென்றார். உணவகம் ஒன்றில் ஃபிஷருக்கு உரிய பணிவிடை மறுக்கப்பட்டபோது அவரும் உடன் எழுந்து வெளியேறினார்.

அச்சபையின் போதகர் ஆடம் கிளேட்டன் பவல், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த 1865ஆம் ஆண்டிலே பிறந்தவர். பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோருக்கு அச்சபை இலவச உணவு அளித்தது. பாவமும் கிருபையும் அங்கே உயிர்த்துடிப்போடு பிரசங்கிக்கப்படுவதைப் போன்ஹோபர் கேட்டார். பெரிய ஆலயங்களில் தேடிக் கிடைக்காத நற்செய்தியை ஒடுக்கப்பட்டோரின் ஆலயத்தில் கண்டடைந்தார் என்பதே அவருடைய சொந்தச் சான்று.

இவ்விடத்தில் அவருடைய மற்றோர் அண்ணன் கார்ல் ஃப்ரீட்ரிக் 1931 ஜனவரியில் எழுதிய கடிதம் நினைவுகூரத் தக்கது. அறிவியலாளரான இவரும் அமெரிக்காவைக் கண்டவர். அங்குள்ள இனப் பிரச்சினையோடு ஒப்பிட்டால் ஜெர்மனியின் யூதர் பிரச்சினை ஒரு பொருட்டே அன்று என்னும் கருத்தை அதில் தெரிவித்திருந்தார். இத்தனைக்கும் எழுதியவர் இனவெறியை வெறுத்த நல்ல உள்ளத்தினர். அயல்நாட்டாரின் பாவம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதும், சொந்த வீட்டின் பாவம் சிறிதாகத் தோன்றுவதும் மனித இயல்பு. இரண்டே ஆண்டுகளில் வரலாறு அக்கணிப்பைப் பொய்யாக்கிற்று.

பகைநாட்டு நண்பர்

யூனியனில் கிடைத்த மற்றொரு நண்பர் பிரெஞ்சு இறையியல் மாணவர் ழான் லாசேர். வால்ட்டரின் சாவுக்குப் பின் பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு நட்புப் பூணுவது போன்ஹோபருக்கு எளிதாயிருக்கவில்லை. இருவரும் முதல் உலகப் போரைப் பற்றிய திரைப்படமொன்றை நியூயார்க்கில் பார்த்தனர். ஜெர்மானிய வீரரின் பார்வையில் எடுக்கப்பட்ட அப்படத்தில் பிரெஞ்சு வீரர்கள் மடியும்போது அரங்கிலிருந்தோர் ஆரவாரித்தனர். இருவர் உள்ளமும் கலங்கிற்று. மலைப்பிரசங்கம் உயர்ந்த இலட்சியமாகப் போற்றப்படுவதற்கன்று, கீழ்ப்படிவதற்கே அருளப்பட்டது என்று லாசேர் விடாது வற்புறுத்தினார். கல்வியாண்டு முடிந்ததும் இருவரும் மோட்டார் வண்டியில் மெக்சிகோவரை பயணம் செய்து, அங்கே ஒரு கூட்டத்தில் ஒரே மேடையில் நின்று சமாதானத்தைப் பற்றிப் பேசினர்.

1944 ஜூலையில் சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில், ஓர் இளம் பிரெஞ்சுப் போதகரோடு அமெரிக்காவில் நிகழ்ந்த உரையாடலை அவர் நினைவுகூர்ந்தார். பரிசுத்தவானாக வேண்டுமென்று நண்பர் விரும்பினார். தாமோ விசுவாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அன்று விடையளித்ததாக எழுதினார்.

தாய்நாட்டில் வந்த சோதனை

இந்தியா வழியாகத் திரும்ப வேண்டுமென்ற அவர் விருப்பம் செலவு மிகுதியால் நிறைவேறவில்லை. 1934இல் காந்தியடிகளே அழைப்பு விடுத்தும் அவரால் நம் நாட்டுக்கு வர இயலாமற்போயிற்று. 1931 கோடையில் ஜெர்மனிக்குத் திரும்பிய அவர், அவ்வாண்டு நவம்பரில் குருப்பட்டம் பெற்றார்.

1933 ஏப்ரலில், யூதரை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டம் பிறந்தது. அம்மாதமே, திருச்சபை யூதர் பிரச்சினையை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்று போன்ஹோபர் எழுதினார். அரசை அதன் கடமை குறித்துக் கேள்வி கேட்டலும், பாதிக்கப்பட்டோர் கிறிஸ்தவரல்லாதவராயினும் அவர்களுக்குத் துணை நிற்றலும், தேவைப்படின் அநீதியின் சக்கரத்தையே தடுத்து நிறுத்தலும் திருச்சபையின் பொறுப்பு என்றார். ஆயினும், யூதரைப் பற்றிய பழைய லுத்தரன் தப்பெண்ணங்கள் அக்கட்டுரையிலிருந்து முற்றிலும் நீங்கவில்லை.

இதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதே ஏப்ரலில், அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் மாமனார் காலமானார். அவர் திருமுழுக்குப் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நடத்தித் தருமாறு குடும்பத்தார் வேண்டினர். மேலதிகாரியின் ஆலோசனையைக் கேட்டுப் போன்ஹோபர் மறுத்துவிட்டார். சில மாதங்கள் கழித்து, தம் அச்சத்தை எண்ணி நாணி, மன்னிப்பு வேண்டிச் சபீனாவின் கணவருக்குக் கடிதம் எழுதினார். ஹார்லமில் ஞாயிறுதோறும் அமர்ந்தவரே சொந்த வீட்டின் முதல் சோதனையில் தவறினார். ஆகவே, நியூயார்க் ஓராண்டில் ஒரு வீரரை உருவாக்கிவிட்டது என்று எழுதுவது வரலாறாகாது. அங்கு கற்ற பாடம் இங்கே தோல்வியையும் மனந்திரும்புதலையும் கடந்தே வேர்கொண்டது.

வேர்கொண்டமைக்குச் சான்றுகள் பல. 1934இல் டென்மார்க்கின் ஃபானோ தீவில் கூடிய மாநாட்டில், லாசேரும் செவிமடுக்க, திருச்சபைகள் ஒருமித்துப் போரை மறுக்க வேண்டுமென்று முழங்கினார். 1935இல் தொடங்கிய ஃபிங்கன்வால்டே குருமாணவர் இல்லத்தில், அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த இசைத்தட்டுகளில் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களை மாணவர்க்குக் கேட்பித்தார். 1939 ஜூனில், நண்பர்களின் முயற்சியால் மீண்டும் நியூயார்க் சேர்ந்தார். பாதுகாப்பும் பணியும் அங்கே காத்திருந்தன. எனினும், தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ளாதவருக்குப் போருக்குப்பின் அவர்களிடையே பணிசெய்ய உரிமையில்லை என்று நீபருக்கு எழுதிவிட்டு, ஒரு மாதத்திற்குள் திரும்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபிளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

நம் கல்லூரிகளுக்கு

நம் இறையியல் கல்லூரிகளிலிருந்து மாணவர் அயல்நாடு செல்வதும், அங்குள்ளோர் இங்கு வருவதும் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. திரும்பி வருவோரிடம் எந்தப் பேராசிரியரிடம் பயின்றீர், என்ன பட்டம் பெற்றீர் என்று கேட்கிறோம். எந்தச் சபையில் ஞாயிறுதோறும் அமர்ந்தீர், அந்நகரில் புறந்தள்ளப்பட்டோர் யாவர், அவர்கள் வாயிலாக நற்செய்தியைக் கேட்டீரா என்றும் கேட்டல் வேண்டும். அயல்நாட்டு இனவேற்றுமையைக் கண்டு கொதித்துத் திரும்பும் நம் மாணவர், தம் சொந்தச் சபையில் சாதி பார்த்து நிகழும் திருமணத்தையும் தேர்தலையும் கல்லறைப் பிரிவினையையும் சிறிய காரியமென்று எண்ணுவாராயின், கார்ல் ஃப்ரீட்ரிக்கின் கடிதத்தையே நாமும் எழுதுகிறோம்.

இங்கு வரும் அயல்நாட்டு மாணவரை நாம் எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதும் சிந்திக்கத் தக்கது. நூற்றாண்டு கண்ட ஆலயங்களைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஊரின் எல்லைக்கப்பால் கூரைக் கொட்டகையில் கூடும் சபையிலும் சில மாதங்கள் அவர்களை அமரச் செய்வோமாக. ஃபிராங்க் ஃபிஷர் ஜெர்மானிய நண்பருக்குச் செய்த தொண்டு அதுவே. அத்தொண்டினைச் செய்ய வல்ல மாணவர் நம் கல்லூரிகளிலும் உள்ளனர்.