சூப்பிக்கு மசியாத பிக்கப்

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பியால் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சினால் ஸ்ராட் ஆகும். சங்குப்பிட்டிப் பாலத்தடியில் எங்கள் பழைய பிக்கப் நின்றபோது அந்த வித்தைக்கு இடமிருக்கவில்லை.

இதில் பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது. அதற்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது சேசியில் பூட்டிய ஒரு சிறு பெட்டி. அது செத்தால் ஸ்ராட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது. பியூஸ், றிலே போனாலும் இதே குணந்தான். அதனால் எடுத்தவுடன் பெட்டி வாங்க ஓடாதீர்கள். அதன் விலை எனக்கு இரண்டு மாத எழுத்துக்கூலி.

சாவகச்சேரியில் ஒரு வயதான மெக்கானிக் ஐயா மீற்றர் வைத்தார். பெட்டிக்கு 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி, பம்புக்கு எதுவும் போகவில்லை. பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்தார். அலுமினிய முதுகு உப்பில் வெள்ளைத் தூளாகியிருந்தது. 2004–2008 ஃபோர்ட் எஃப்-150களிலும் இதே நோய்தான்: அலுமினியம் இரும்புச் சேசியில் ஒட்டி அரிப்பது.

"பம்ப் இறுகியிருந்தா புதுசையும் எரிச்சுப்போடும் தம்பி," என்று பம்ப் இழுக்கும் கரண்டையும் அளந்தார். பிறகு வோஷர் வைத்து, சேசியில் முட்டாமல் இடைவெளி விட்டுப் பூட்டினார்.