பிறப்பைக் குற்றமாக்கியவர்கள்



மூளை முடக்குவாதம் பற்றிப் பேச எந்தக் காலனிக்குப் போனாலும் எங்கள் காதில் முதலில் விழும் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான். "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ தெரியல சார்." வட மாவட்டம் ஒன்றில், பன்னிரண்டு வயது மகளை இடுப்பில் சுமந்தபடி ஓர் அக்கா இதைச் சொன்னார். அவர் வீட்டுச் சுவரில் அண்ணல் அம்பேத்கரின் படம் மாட்டியிருந்தது. அவரிடம் அதைச் சுட்டிக்காட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் உங்களிடம் கேட்கலாம். சேரியில் பிறந்தது முன்வினை என்று எவனாவது சொன்னால் சட்டையைப் பிடிக்கிறோம். உடல் விறைத்துப் பிறந்த குழந்தையை முன்வினை என்று சொன்னால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

இரண்டையும் எழுதியது ஒரே கை. மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் உண்டு. குதிரை திருடியவன் நொண்டியாகப் பிறப்பான், தானியம் திருடியவன் உறுப்புக் குறையோடு பிறப்பான், வேதச் சொல்லைத் திருடியவன் ஊமையாகப் பிறப்பான் என்று போகும். பசித்தவன் தானியத்தையும், படிப்பு மறுக்கப்பட்டவன் சொல்லையும்தான் திருட வேண்டியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். இப்படிப் பிறந்தவர்களை நல்லோர் இகழ்வார்கள் என்றும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையானது. சாதியிலிருந்து தள்ளப்பட்டவர், பிறவியில் பார்வையற்றவர், காது கேளாதவர், பேச முடியாதவர் ஆகியோரை ஒரே மூச்சில் சேர்த்து, இவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. சோறும் துணியும் கொடுத்தால் போதுமாம். இன்றைக்கும் பல திட்டங்களின் மனநிலை இந்தச் சோறு துணியைத் தாண்டவில்லை என்பது வேறு கதை.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூல் எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்தத் தீயில் இந்த வரிகளும் எரிந்தன என்பதை எந்த மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை. அடுத்த ஆண்டே, 1928இல், நோய் அல்லது உடற்குறையைக் காட்டி இந்துக்களின் வாரிசுரிமையைப் பறிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதிலும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பிறவியிலேயே புத்தி பேதலித்தவர், மூளை வளர்ச்சி இல்லாதவர் என்று கருதப்பட்டோருக்கு அது பொருந்தாது. வாய் கோணி, எச்சில் வழிய, சொல் தெளிவில்லாமல் பேசும் ஒருவரை ஊர் எந்தப் பட்டியலில் வைத்திருக்கும்? மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு அறிவில் எந்தக் குறையும் இருப்பதில்லை. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். அந்த விலக்கு நீங்க இன்னும் 28 ஆண்டுகள் ஆயின. இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதால் 1951இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிறகு அந்த மசோதா துண்டு துண்டாக நிறைவேறியது. அதில் ஒன்றான 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவுதான், எந்த நோயையும் குறையையும் காட்டிச் சொத்துரிமையை மறுக்க முடியாது என்று சொன்னது. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தப் பிரிவை எடுத்துப் பாருங்கள். சின்னப் பிரிவுதான்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 1861இல் வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய எலும்பியல் மருத்துவர் லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். சிறுவயது நோயால் அவருக்கே ஒரு கால் வளைந்திருந்தது. குறைமாதப் பிரசவம், நீண்ட பிரசவ வேதனை, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் குழந்தையின் கைகால் விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் வாதம். இந்த நிலை நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே அழைக்கப்பட்டது. 1897இல் மாற்றுக் கருத்தை வைத்தவர் சிக்மண்ட் பிராய்ட், ஆமாம், கனவுகளைப் பற்றி எழுதிய அதே பிராய்ட். கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பின் விளைவாகவும் பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதிப்பு பிறப்புக்கு முன்பே நேர்கிறது என்று பின்னாளைய ஆய்வுகளும் காட்டின. ஆனால் நம்மைப் போன்ற நாடுகளில் பிரசவ நேர மூச்சுத் திணறலும், கவனிக்காமல் விட்டு மூளையைத் தாக்கும் மஞ்சள் காமாலையும், கிருமித் தொற்றும் இன்னும் பெரிய காரணங்களே.

எங்கள் அக்காவின் கதை அதுதான். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என மூன்று வண்டி மாறினார். "புள்ள அழவே இல்ல சார், ரொம்ப நேரம் கழிச்சுதான் சத்தம் கேட்டுச்சு." தாமதமாகக் கிடைத்த மருத்துவத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் பாவம். 2001-02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராமத்தில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தது அதில் பதிவாகியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45. இதற்குப் போன ஜென்மத்தில் விடை தேட வேண்டாம், கர்ப்பிணியின் சோற்றிலும் சாலையிலும் தேடலாம்.

விழிப்புணர்வு இயக்கங்கள் எப்படித் தொடங்கின? 1952இல் பிரிட்டனில் மூன்று பெற்றோர்களும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார்கள். (அந்தச் சமூகப் பணியாளரை நினைத்து எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) ஆனால் 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல்லே பள்ளிக்கூட வசவாக மாறி, 1994இல் அமைப்பு தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாதிப் பெயரே வசவாவதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஜோயி டீக்கன் என்பவரின் கதை இன்னும் கசப்பானது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, சிறுவயது முதல் மருத்துவமனை விடுதியிலேயே வாழ்ந்தவர். அவர் பேச்சு எர்னி என்ற நண்பருக்குப் புரியும். எர்னி திருப்பிச் சொல்ல, இன்னொருவர் கையால் எழுத, மற்றொருவர் தட்டச்சு செய்ய, நால்வரும் சேர்ந்து உருவாக்கிய தன்வரலாறு 1974இல் வெளியானது. 1981, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி நல்லெண்ணத்தோடு ஜோயியை நாடு முழுவதும் காட்டியது. அதற்குப் பிறகு பிரிட்டன் பள்ளிகளில் 'ஜோயி' என்பதே கேலிச் சொல்லானது. எர்னியைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தவர்கள் இல்லாத இடத்தில், திரையில் முகம் காட்டுவது அந்த அளவுக்குத்தான் போகும்.

நம் நாட்டில் 1972இல் மும்பையில் மித்து அலூர் தன் மகள் மாலினிக்காகத் தொடங்கிய பள்ளி முன்னோடி. சென்னையில் 1981இல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியும், 1985இல் இன்று வித்யா சாகர் எனப்படும் அமைப்பும் வந்தன. இவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமல்ல. இயன்முறைப் பயிற்சியும் தொடர்புப் பலகையும் இங்கே வந்தது இவர்களால்தான். ஆனால் இது பெரும்பாலும் பெருநகரத் தாய்மார்களின் வரலாறு. லண்டன் சென்று படித்து வர முடிந்த தாய்க்கும், கூலியை விட்டுவிட்டு வாரம் இருமுறை மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேற முடியாத தாய்க்கும் ஒரே நோயின் பெயர் இருந்தாலும் வாழ்க்கை ஒன்றல்ல.

சட்டங்கள் வந்திருக்கின்றன. 1995ஆம் ஆண்டுச் சட்டம், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம். கடைசிச் சட்டத்தின் 37ஆம் பிரிவை நம் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். விவசாய நிலம், வீட்டு வசதித் திட்டங்களின் ஒதுக்கீட்டில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. பஞ்சமி நிலத்துக்காகப் போராடும் நாம் இந்தப் பிரிவை வைத்து எத்தனை கோரிக்கை எழுப்பியிருக்கிறோம்?

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன ஏப்ரல் 14 விழாவுக்கு நாங்களே போட்ட மேடைக்கு ஆறு படிகள். சாய்தளம் இல்லை. அந்த அக்கா மகளோடு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கூட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தோம். ஊருக்கு வெளியே நிற்பதைப் பற்றி அன்று மேடையில் நாங்கள் பேசியிருந்தோம்.

அதன் பிறகு எங்கள் வேலையின் முறையை மாற்றினோம். துண்டறிக்கையைக் குறைத்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்கிறோம். நாலு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தை, எப்போதும் முஷ்டி மூடியிருக்கும் குழந்தை என்றால் உடனே காட்டச் சொல்கிறோம். படுக்க வைத்து ஊட்டாதீர்கள், புரையேறும், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள் என்கிறோம். பாவம் என்ற சொல் வரும்போது இப்போதெல்லாம் நாங்கள் மௌனமாக இருப்பதில்லை. மூன்று வண்டி மாறிய கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறோம்.

அக்காவின் மகளுக்குச் சொல் வராது. ஆம் என்றால் கண்களை மேலே உயர்த்துவாள். வீட்டுமனைக்காக 37ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதியிருக்கிறோம் (அந்தப் பெயருக்கு நம் மொழியில் இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது). திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு யார் வருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, "இவள எங்க தூக்கிட்டு அலையறது, நான் மட்டும் வரேன்" என்றார் அக்கா. நாங்கள் மகளைப் பார்த்து, "நீ வர்றியாம்மா?" என்று கேட்டோம். கண்கள் மேலே போயின. ஆட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும்.