காவின் எழுதியவர்: ஷெய்க் இஸ்ஸுத்தீன் அல்கஸ்ஸாமின் இரண்டு வாழ்க்கைகள்

சென்ற நோன்பு காலத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பையன் ஒருவன் செய்தித்தாளோடு வந்து பக்கத்தில் அமர்ந்தான். "சேர், கஸ்ஸாம் எண்டு சொல்றது ரொக்கெட்ட பேர்தானே? பிறகென்னத்துக்கு ஆள்ட பேர் மாதிரி எழுதியிருக்காங்க?" என்று கேட்டான்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. பல வருடங்கள் வரலாறு படிப்பித்தவன் நான். பலஸ்தீன் என்றதும் பல்போர் பிரகடனம், 1948, 1967 என்று கரும்பலகையில் ஆண்டுகளை எழுதினேனே தவிர, அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி ஒரு பாடவேளை கூடப் பேசியதில்லை. அன்று அவனுக்கு ஐந்து நிமிடத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலின் நீட்சி.

இஸ்ஸுத்தீன் அல்கஸ்ஸாம் பலஸ்தீனில் பிறந்தவரல்லர். சிரியாவின் கடற்கரைப் பட்டினமான ஜப்லாவில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1882 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. தகப்பனார் அங்கு குர்ஆன் மத்ரஸா நடத்தியவர், காதிரிய்யா தரீக்காவின் உள்ளூர்ப் பெரியவர். மகன் எகிப்துக்குப் போய் அல்அஸ்ஹரில் ஓதினார். 1911இல் இத்தாலி லிபியாவின் மீது படையெடுத்தபோது ஊர் ஊராகப் பணம் திரட்டி, தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு அலெக்சாந்திரெத்தா துறைமுகம் வரை போனார். உஸ்மானிய அரசு கப்பல் அனுப்பவில்லை. காத்திருந்து திரும்பியவர், சேர்ந்த பணத்தைக் கொண்டு ஊரில் ஒரு கல்விக்கூடத்தை உருவாக்கினார் என்று வரலாறு சொல்கிறது. போருக்குச் சேர்த்த காசு பள்ளிக்கூடமானது அவர் வாழ்க்கையில் ஒரு தடவைதான். பிற்காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த இடமே படை திரட்டும் இடமாயிற்று.

முதலாம் உலகப்போர் முடிந்து பிரான்ஸ் சிரியாவுக்குள் வந்தது. மலைப்பகுதியில் நின்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பிரெஞ்சுக்காரர் அவருக்கு மரண தண்டனை விதித்தனர். 1920களின் தொடக்கத்தில் ஹைபாவுக்கு வந்து சேர்ந்தார்.

அக்கால ஹைபாவை மனதில் நிறுத்திக்கொள்ளாமல் இந்த மனிதரை விளங்க முடியாது. ரயில்வே பட்டறைகள், சீமெந்துத் தொழிற்சாலை, புதிதாகக் கட்டப்பட்ட துறைமுகம், ஈராக்கிலிருந்து வந்த எண்ணெய்க் குழாய் என்று நகரம் வேகமாக வளர்ந்தது. வேலை தேடி வந்தவர்களில் பெரும்பகுதி நிலமிழந்த குடியானவர்கள். மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பரப்பு பெய்ரூத்தின் சுர்ஸுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்தக் குடும்பம் அதை யூதக் குடியேற்ற நிறுவனங்களுக்கு விற்றபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு உழுதவர்கள் வெளியேற நேர்ந்தது. விற்றவர் பெய்ரூத்தில் இருந்தார், உழுதவர் ஹைபாவின் தகரக் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவிலோ ஹிட்லரின் கொடுமை மூண்டிருந்தது. 1935இல் மட்டும் 60,000க்கும் அதிகமான யூதர்கள் பலஸ்தீனுக்கு வந்தனர். உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒரு மக்களும் நிலத்தைப் பறிகொடுத்த இன்னொரு மக்களும் ஒரே மண்ணில் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

அந்தக் கொட்டில்காரர்களுக்குத்தான் ஷெய்க் உஸ்தாதானார். பகலில் மத்ரஸாவில் பாடம், இரவில் தொழிலாளருக்கு எழுத்தறிவு வகுப்பு. 1925இல் இஸ்திக்லால் பள்ளிவாசலின் இமாமானார். 1928இல் ஹைபாவில் முஸ்லிம் இளைஞர் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

நமது ஊர்களில் இன்றும் அனல் பறக்கும் ஒரு சர்ச்சையில் அவரும் மாட்டிக்கொண்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்போது சத்தமிட்டு திக்ரு செய்வது சரியா பிழையா என்ற வாதம் அது. தரீக்கா குடும்பத்தில் பிறந்தவராயிருந்தும் அது கூடாது என்று நின்றார். மறுப்பு எழுந்தபோது, சக ஆலிமான முஹம்மத் காமில் அல்கஸ்ஸாபுடன் சேர்ந்து 'அந்நக்த் வல்பயான்' என்ற நூலை 1925இல் வெளியிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் அவரை அறிந்தது இப்படித்தான்: கறாரான கதீப், வாதம் செய்கிற மௌலவி. வேறொன்றும் வெளியே தெரியவில்லை.

1929 அளவில் ஷரீஆ நீதிமன்றம் அவரைத் திருமணப் பதிவாளராக நியமித்தது. நம்மூரில் காவின் எழுத வரும் பதிவுகாரரைப் போல வடக்கு பலஸ்தீனின் கிராமங்களுக்கெல்லாம் போனார். கலியாண வீட்டுக்குப் போகிறவரை எந்தப் பொலிஸ்காரன் மறிப்பான்? நிக்காஹ் முடிந்து சாப்பாடு வைத்த பிறகு நடக்கும் பேச்சில்தான் யார் எந்த நிலத்தை இழந்தான், யார் கோபக்காரன், யார் வாய் திறக்காதவன் என்பதெல்லாம் தெரியவரும். கிராமத்து மக்களுக்குக் கூட்டுறவு பற்றியும் சொல்லிக்கொடுத்தார். பதிவேட்டைச் சுமந்து திரிந்த அதே மனிதர் இன்னொரு பதிவேட்டைத் தன் தலைக்குள் வைத்திருந்தார்.

அவருடைய இரகசிய அமைப்பு சிறு சிறு குழுக்களாக இருந்தது. குழுவொன்றுக்கு ஐந்து பேர் அளவில். ஒரு குழுவுக்கு மற்றதைத் தெரியாது. மிம்பரில் நின்று பேசும்போதே கேட்பவர்களின் முகத்தைக் கவனித்து, பொருத்தமென்று தோன்றியவரை வீட்டுக்கு அழைத்து, பலநாள் பழகிப் பார்த்த பின்பே விஷயத்தைத் திறப்பார் என்று அவரிடம் இருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். கூலிக்காரரின் சம்பளத்திலிருந்து சேர்ந்த சந்தாதான் அவர்களின் நிதி. மொத்த உறுப்பினர் தொகையைச் சிலர் 200 என்கின்றனர், சிலர் 800 என்கின்றனர். இரகசியம் நன்றாகப் பேணப்பட்டது என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி. அவரை எழுதும் வரலாற்றாசிரியரின் கையில் மிஞ்சுவது இரண்டு வகைச் சான்றுகள்தான்: ஆங்கிலேயரின் பொலிஸ் கோவைகள், சீடர்களின் நினைவுகள். முன்னது அவரைக் கொள்ளைக்காரர் கூட்டத்தின் தலைவராக்கும், பின்னது வலியாக்கும். இரண்டையும் அப்படியே நம்புவது ஆய்வுக்கு அழகல்ல.

இங்கே ஒன்றைத் தாண்டிப் போகவும் முடியாது. 1932 டிசம்பரில் நஹலால் என்ற யூதக் குடியேற்றத்தில் ஒரு வீட்டுக்குள் குண்டு வீசப்பட்டது. ஒரு தகப்பனும் அவருடைய சின்னஞ்சிறு மகனும் இறந்தனர். பொலிஸ் விசாரணை அவருடைய வட்டத்தைச் சேர்ந்தவர்களிடம் போய் நின்றது, ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அது ஷெய்கின் உத்தரவா, பொறுமையிழந்த ஒரு குழுவின் தனிச்செயலா என்பதில் ஆய்வாளர்களின் கருத்து ஒன்றல்ல. ஆனால் உறங்கும் பிள்ளையின் மீது குண்டு போடுவதை எந்த பிக்ஹு நூலிலும் நியாயப்படுத்த முடியாது. போரில் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்லக்கூடாது என்ற ஹதீஸை மத்ரஸாவில் படிப்பித்தவர் அவர். அவரைப் புகழ்ந்து நம்மவர் எழுதியவற்றில் நஹலால் ஒரு வரியில் கடந்துவிடும், அல்லது வரவே வராது. அதை மறைத்துவிட்டு அவரை எழுதுவது அவருக்கும் நியாயமல்ல, அந்தப் பிள்ளைக்கும் நியாயமல்ல.

1935 ஒக்டோபரில் யாபா துறைமுகத்தில் சீமெந்துப் பீப்பாய் ஒன்று உடைந்தது. உள்ளே துப்பாக்கி ரவைகள். யூத ஆயுத அணிக்காக இரகசியமாக வந்தவை என்று அறபுகள் கொதித்தெழுந்தனர். இனியும் காத்திருக்க முடியாது என்று ஷெய்க் நினைத்திருக்க வேண்டும். நவம்பரில் ஒரு சிறு கூட்டத்தோடு ஹைபாவை விட்டு மலைக்குப் போனார். துப்பாக்கி வாங்குவதற்காகச் சிலர் மனைவிமாரின் நகையை விற்றார்கள் என்று சொல்வார்கள். கிராமங்களை மெல்ல எழுப்புவதுதான் திட்டம். ஆனால் திருட்டொன்றை விசாரித்துக்கொண்டு வந்த பொலிஸ் ரோந்தொன்று அவர்களிடம் முட்டிக்கொண்டது, யூத சார்ஜன்ட் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதோடு வேட்டை தொடங்கியது. 1935 நவம்பர் 20ஆம் திகதி, ஜெனினுக்கு மேற்கே யஃபத் கிராமத்தை அண்டிய காட்டில் பொலிஸ் அவர்களைச் சுற்றிவளைத்தது. சரணடைய மறுத்துப் பல மணிநேரம் சண்டையிட்டு, ஷெய்கும் உடனிருந்த சிலரும் இறந்தனர். பத்து வருடமாகக் கட்டிய இரகசியம், மலைக்கு ஏறிய சில நாட்களிலேயே முடிந்துபோனது.

மறுநாள் ஹைபாவில் நடந்த ஜனாஸாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. மையித்தைத் தோளில் சுமந்து பலதுஷ்ஷெய்க் கிராமத்து மையவாடி வரை நடந்தார்கள், வழியில் பொலிஸுக்குக் கல் விழுந்தது. பெரிய குடும்பத்துக் கட்சித் தலைவர்கள் பெரும்பாலும் வரவில்லை. துறைமுகக் கூலிகளும் தகரக் கொட்டில்காரரும் வந்தார்கள். அன்றுதான் பலருக்கு விளங்கியது, தங்கள் நிக்காஹை எழுதியவர் யாரென்று.

ஐந்து மாதம் கழித்து, 1936 ஏப்ரலில், பெரும் பொது வேலைநிறுத்தமும் கிளர்ச்சியும் வெடித்தன. அதற்குத் தீமூட்டிய தாக்குதலில் அவருடைய சீடர்களின் கை இருந்தது. அவர்களில் மூத்தவரான ஷெய்க் பர்ஹான் அஸ்ஸஅதி, எழுபது வயதைத் தாண்டியவர், 1937 நவம்பர் 27ஆம் திகதி ரமழான் மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்.

பலதுஷ்ஷெய்க் மக்கள் 1948இல் ஊரைவிட்டுப் போயினர். அவ்விடம் இன்று இஸ்ரேலின் நெஷர் நகரம். மையவாடி எஞ்சியிருக்கிறது, ஷெய்கின் கப்று பலதடவை சேதப்படுத்தப்பட்டிருக்கிறது. பெயரோ வேறு வழியில் பயணித்தது. 1990களின் தொடக்கத்தில் ஹமாஸின் ஆயுதப் பிரிவு அதை எடுத்துக்கொண்டது, 2001இல் ரொக்கெட் ஒன்றுக்கும் அந்தப் பெயர் வந்தது. 2023 ஒக்டோபர் 7இல் அந்தப் பிரிவு முன்னின்று நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிவிலியன்கள். அதன்பின் காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர், அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் எத்தனையோ. இவற்றையெல்லாம் ஷெய்கின் கணக்கில் எழுதுவதும் பிழை, அவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதும் பிழை.

இதை எழுதி முடித்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். மெதுவாக வாசித்தான். நஹலால் வந்த பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்தான்.

"இத எடுத்துப்போட்டா நல்லா இருக்கும் எண்டு ஆக்கள் சொல்லுவாங்க, சேர்."

"சொல்லுவாங்க."

"எடுக்க வேணாம்" என்றான்.

எடுக்கவில்லை.