கழகமும் கவறும்: ஆட்டங்கள் பெற்ற பழியும் புகழும்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் நற்பெயர், அவப்பெயர் உண்டு. 'கழகம்' என்னும் சொல் அதற்குத் தக்க சான்று. இன்று அச்சொல்லைக் கேட்டால் கல்வி, தமிழ்ப்பணி, அரசியல் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வள்ளுவர் அச்சொல்லை எங்கே ஆண்டார்? 'சூது' என்னும் 94ஆம் அதிகாரத்தில், கவறு உருட்டும் களத்தைக் குறிக்கவே ஆண்டார். கம்பர் காலத்தில் அதே சொல் கலை பயிலும் இடத்திற்கு ஆயிற்று. 1920இல் நம் நெல்லைச் சீமையில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றியபோது, அச்சொல்லில் பழைய கறையின் சுவடே இல்லை. சூதர் கூடிய இடத்தின் பெயர் புலவர் கூடும் இடத்தின் பெயராக உயர்ந்துவிட்டது.

சொல் இவ்வாறு மேலேறியது. அச்சொல் குறித்த ஆட்டத்தின் கதை என்ன? ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட ஆட்டம் பிறிதொரு காலத்தில் போற்றப்படுவதும், போற்றப்பட்டது தூற்றப்படுவதும் ஏன்? பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்து அன்பர்கள் இவ்வினாவைச் சிந்திப்பது பயனுடையது. கற்பனையைத் தொழிலாகக் கொண்டோருக்கு இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

பழியின் தோற்றம்

திருக்குறளின் அதிகார வைப்பே ஒரு தீர்ப்பு. கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் சூது நிற்கிறது. கேட்டிற்கும் நோய்க்கும் நடுவே அதை வைத்த முறையில் ஆசிரியரின் கருத்துப் புலப்படுகிறது. எனினும் அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்றை உணர்வர். அங்கே கண்டிக்கப்படுவது உருளும் காய் அன்று; பொருளை வைத்து இழக்கும் வேட்கை. வென்றாலும் அவ்வெற்றியை விரும்பாதே என்று அவர் எச்சரிப்பதும் இதுபற்றியே.

காப்பியங்கள் இப்பழியை மக்கள் நெஞ்சில் ஆழப் பதித்தன. வில்லிபுத்தூரார் பாரதத்தின் சூதுபோர்ச் சருக்கமும், புகழேந்தியின் நளவெண்பாவும் நாடிழந்த மன்னர்களை நம் கண்முன் நிறுத்தின. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்தாக ஆடப்பெற்றதால், எழுத்தறியாதாரும் சகுனியின் பகடையை அறிந்தனர். நம் பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டபோது, சூதாட்டத்தில் ஒரு நாடே அடிமையாவதைக் கண்டார். அவர் கையில் பகடை அரசியல் குறியீடாயிற்று.

ஆயினும் தமிழ் மரபு ஒருமுகமாகப் பேசவில்லை. சேக்கிழார் பாடிய அறுபத்து மூவருள் மூர்க்க நாயனார் ஒருவர். திருவேற்காட்டில் பிறந்து, அடியார்க்கு அமுது படைத்தே தாம் உண்ணும் நெறியில் நின்றவர். கைப்பொருள் தீர்ந்தபின் சூதாடியே பொருளீட்டினார்; கும்பகோணம் சென்றும் ஆடினார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுது சமைப்போர் கையில் சேர்த்தார் என்கிறது பெரியபுராணம். சூதை இழிவென்ற அதே தமிழ், ஒரு சூதாடியை நாயனார் வரிசையில் வைத்து வணங்குகிறது. செயலைக் காட்டிலும் அதன் நோக்கமே அங்கு எடைபோடப்பட்டது.

பக்தியின் பலகை

உருட்டும் காய் நற்பெயர் பெற்ற வழி இன்னொன்றும் உண்டு. அது பரமபத சோபானப் படம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் குடும்பங்கள் அதை ஆடி வந்தன. தாயக்கட்டையோ சோழியோ உருளுகிறது, காய் நகருகிறது, புண்ணியம் ஏணியாகிறது, பாவம் பாம்பாகிறது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஓர் உயிராகி, பல பிறவிகளைக் கடந்து வைகுந்த வாயிலை நாடுகின்றனர். பணயம் இல்லை, பயணம் மட்டுமே உண்டு. 'தாயம் ஆடினால் வீட்டுக்கு ஆகாது' என்று கடிந்த பெரியவர்களும் அன்றிரவு படத்தை விரித்தனர்.

சங்கரன்கோவிலில் வாழும் நாம் இங்கு ஒன்றைக் கூடுதலாகக் காணலாம். படத்துப் பாம்பு விழுங்கிக் கீழே தள்ளுவது. நம் தலத்துப் பாம்புகளோ சங்கனும் பதுமனும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என வாதிட்டு, சங்கரநாராயணரின் ஒருருவைக் கண்டு தெளிந்தவர்கள். ஒரே உயிர் ஒரு கதையில் வீழ்ச்சிக்கும், மற்றொரு கதையில் தெளிவுக்கும் அடையாளமாகிறது. பெயரும் பழியும் பொருளில் இல்லை. நாம் அதனைச் சுற்றிச் சொல்லும் கதையில் உள்ளன.

இந்த ஆட்ட மரபு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தை அடைந்து சிறுவர் விளையாட்டாயிற்று. நம் சமயப் பெயர்கள் அங்கே உதிர்ந்தன. ஏணியும் பாம்பும் நிலைத்தன.

சதுரங்கத்தின் கதை வேறு. நால்வர் கூடிக் காய் உருட்டிச் சதுரங்கம் ஆடும் முறையை 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியாவில் கண்டு எழுதினார். காய் உருட்டல் நீங்கி அறிவு மட்டும் எஞ்சியபின் அவ்வாட்டம் மதிப்புற்றது. திருப்பூவனூரில் இறைவனே முதியவர் வேடத்தில் வந்து, சதுரங்கத்தில் வென்று அரச மகளை மணந்தார் என்பது தலவரலாறு. 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். 1988இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024இல் குகேஷ் உலக வாகையர் ஆனார். 'படிப்பைக் கெடுக்கும்' என்று பெற்றோர் அஞ்சிய பலகை, பெற்றோரே பயிற்சிக்கு அனுப்பும் பலகையாயிற்று.

அமெரிக்காவில் ஒரு பீதி

இவ்வரலாற்றுக்கு இணையான ஒன்று அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்தும் கட்டியங்காரர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என வேடம் ஏற்பர். ஒப்பனை இல்லை, அரங்கம் இல்லை, பேச்சே கூத்து. செயல் பலிக்குமா என்பதை இருபது முகக் காய் போன்ற பகடைகள் முடிவு செய்யும். வைக்கும் பணயமும் இல்லை, இறுதியில் வெல்பவரும் இல்லை.

இத்தகைய ஆட்டத்திற்கும் பழி வந்தது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனபோது, ஆட்டத்தில் மயங்கிச் சுரங்க வழிகளில் புகுந்தார் என்று செய்தி பரவியது. ஆட்டம் அதற்குக் காரணம் அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் வதந்தி முந்திக்கொண்டது. 1981இல் அதனைத் தழுவி நாவலும், 1982இல் அந்நாவல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தன. மகனைத் தற்கொலைக்கு இழந்த தாயொருவர் 1983இல் இவ்வாட்டத்தை எதிர்த்து இயக்கம் கண்டார். பேய் வழிபாட்டுக்கு இட்டுச் செல்லும் ஆட்டம் எனச் சமயப் பிரசாரகர் சிலர் முழங்கினர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் பெயர்களையே பதிப்பாளர் நீக்க நேர்ந்தது.

பின்னர் காலம் மாறியது. ஆடி வளர்ந்த சிறுவர்களே எழுத்தாளரும் இயக்குநரும் ஆயினர். 2016இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் இவ்வாட்டத்தை நட்பின் சின்னமாகக் காட்டியது. 2024இல், ஆட்டத்தின் பொன்விழா ஆண்டில், அமெரிக்க அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. ஐம்பதாண்டில் ஓர் ஆட்டம் சாத்தானின் கருவி என்ற பழியிலிருந்து அரசின் தபால்தலைக்கு வந்து சேர்ந்தது.

எதைப் பழிப்பது?

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தோன்றும். வள்ளுவர் பழித்தது பணயத்தை. அமெரிக்கப் பீதி பழித்தது கற்பனையை. பிறிதொருவராகத் தன்னைப் புனைந்து பேசுவது மனத்தைக் கெடுக்கும் என்பதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை ஏற்றால் தமிழ்க் கவிதையில் எஞ்சுவது எது? சங்கப் புலவர் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பேசினர். தன் பெயரில் பேசாமையே அகத்தின் இலக்கணம். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். வேடம் புனைந்து பேசுவதைப் பக்தியின் உச்சமாகவே நாம் கொண்டோம். ஆயினும் நாம் குற்றமற்றவர் அல்லர். பாடல் பெற்ற வேடத்தைத் தொழுத நாமே, பிழைப்புக்காக வேடம் கட்டியவனைக் 'கூத்தாடி' என்று இழித்தோம். சங்கரதாஸ் சுவாமிகளும் பம்மல் சம்பந்த முதலியாரும் தம் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டே அப்பழியைத் தளர்த்தினர்.

மறுபுறம், உண்மையில் அஞ்ச வேண்டியதற்கு நாம் அஞ்சத் தவறியதும் உண்டு. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அத்தீர்ப்பின் நிழலில், பின்னாளில் இணையவழிப் பண ஆட்டம் கைப்பேசிதோறும் புகுந்தது. கடனில் மூழ்கியோர் உயிர்விட்ட செய்திகள் தொடர்ந்தன. 2022இல் நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழகம் தடைச்சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பிய அச்சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் இணையவழிப் பண ஆட்டங்களை நாடெங்கும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் பல்லாண்டு வினவின. வள்ளுவரின் வினா அதனினும் கூரியது: ஆடுபவன் எதை இழக்கிறான்? பொருளையும் மானத்தையும் உயிரையும் இழக்கச் செய்வது எதுவோ, அது திறமையால் ஆடப்பெற்றாலும் சூதே. இழப்பின்றிப் பிறர் நெஞ்சில் ஒருகணம் வாழ்ந்து மீளச் செய்வது எதுவோ, அது பகடை உருட்டி ஆடப்பெற்றாலும் கலையின் சுற்றமே.

புதிதாக ஓர் ஆட்டமோ கதையோ இளைஞரைக் கவரும்போதெல்லாம் ஊர் இன்னமும் பதறுகிறது. அப்பொழுது பணயத்தையும் கற்பனையையும் பிரித்துக் காட்டும் கடமை கவிஞர்க்கு உண்டு. சூதர் களத்தின் பெயரைப் புலவர் அவைக்கு மாற்றித் தந்த மொழிக்கு அது அரிய செயலன்று.