கட்டப்படாத வாயிலின் இசை

முற்போக்கு ராக் என்பது 1960-களின் இறுதியில் பிரிட்டனில் உருவாகி, மூன்று நிமிடப் பாடல் என்னும் வரம்பைத் தாண்டி, மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நெடிய வடிவங்களையும் இடையிடையே மாறிச்செல்லும் தாளக்கட்டுகளையும் மின்கருவிகளின் வழியே கையாண்ட இசைவகை. அவ்வகையில் மேடைக்கென்றே அமைந்து மேடையிலேயே வளர்ந்த படைப்புகளுள் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு வாசித்த ‘ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்’ முதல் வரிசையில் வைக்கத்தக்கது. அதன் வரலாறோ ஏறத்தாழ நூறாண்டு முன்னர் ரஷ்யாவில் நேர்ந்த ஓர் இறப்பிலிருந்து தொடங்குகிறது.

கட்டடக் கலைஞரும் ஓவியருமான விக்டர் ஹார்ட்மன் 1873-இல், நாற்பது வயது நிறையும் முன்பே காலமானார். கலை விமர்சகர் விளாடிமிர் ஸ்டாஸோவின் முயற்சியால் 1874-இன் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கலைக்கழகத்தில் ஹார்ட்மனின் ஏறத்தாழ 400 படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நண்பரை இழந்த துயரிலிருந்த இசையமைப்பாளர் மொடெஸ்ட் முஸோர்க்ஸ்கி, தம்மிடமிருந்த ஹார்ட்மனின் ஓவியங்களையும் அக்கண்காட்சிக்குக் கொடுத்து உதவியதோடு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மூன்றே வாரங்களில் பத்து ஓவியங்களை ‘ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்’ என்னும் பியானோ இசையாக எழுதி முடித்தார். ஓவியங்களுக்கு நடுவே ‘உலா’ என்னும் பொருள்படும் பகுதி ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. ஐந்தும் ஆறுமாக மாறி விழும் அதன் தாள அடிகள், ஒரு படத்தின் முன் நின்றும் அடுத்ததை நோக்கிச் சற்றுத் தயங்கியும் செல்கிற மனிதரின் நடையை, அதாவது முஸோர்க்ஸ்கியின் சொந்த நடையை, உணர்த்துகின்றன. இறுதிப் பகுதி கீவ் நகரின் பெருவாயிலைப் பற்றியது. 1866-இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொலைமுயற்சி ஒன்றிலிருந்து தப்பியதன் நினைவாக ஹார்ட்மன் வரைந்த அந்த வாயில் கட்டப்படவே இல்லை. காட்சிக்கு வந்த ஓவியங்களிலும் பல பின்னர்த் தொலைந்துபோயின. கல்லில் எழும்பாத ஒரு வாயில் இசையில் மட்டுமே எழும்பி நிற்கிறது என்பதை மனத்தில் கொண்டு கேட்பவருக்கே அந்த இறுதிப் பகுதியின் கனம் முழுமையாகப் புலப்படும்.

முஸோர்க்ஸ்கி 1881-இல் இறக்கும்வரை இப்படைப்பு அச்சேறவில்லை. 1886-இல் இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் தாம் செய்த திருத்தங்களுடன் அதைப் பதிப்பித்தார். 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவெல், பல்வேறு கருவிகள் ஒன்றாக ஒலிக்கும் சேர்ந்திசைக்குழுவுக்கு ஏற்ப அதை மாற்றி எழுதிய பின்னரே உலகெங்கும் அது பரவியது. ஆகவே ராக் இசைக்கலைஞர்கள் அதை எடுத்தாண்டபோது ஒரு புனித நூலைச் சிதைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. கைமாறுந்தோறும் உருமாறுவது அப்படைப்பின் இயல்பாகவே முன்னமே ஆகிவிட்டிருந்தது.

‘தி நைஸ்’ குழுவிலிருந்து விசைப்பலகைக் கலைஞர் கீத் எமர்சன், ‘கிங் கிரிம்சன்’ குழுவிலிருந்து பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கிரெக் லேக், ‘அட்டாமிக் ரூஸ்டர்’ குழுவிலிருந்து டிரம்ஸ் கலைஞர் கார்ல் பாமர் ஆகிய மூவரும் 1970-இல் ஒன்றுசேர்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 29 அன்று வைட் தீவில் நடந்த மாபெரும் இசைவிழாவில், தமது இரண்டாவது மேடை நிகழ்ச்சியிலேயே, அவர்கள் இப்படைப்பை வாசித்தார்கள். மேடையில் பீரங்கிகளும் வெடித்தன. பீரங்கியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். கவனத்துக்குரியது இசையில் நிகழ்ந்த மாற்றமே. பத்து ஓவியங்களுள் குறளன், பழங்கோட்டை, சூனியக்காரி பாபா யாகாவின், கோழிக்கால்கள் மேல் நிற்கும் குடில், கீவ் வாயில் ஆகிய நான்கை மட்டும் குழு எடுத்துக்கொண்டது. உலாப் பகுதி ஒன்றுக்கும் இறுதி வாயிலுக்கும் பாடல் வரிகள் எழுதிய லேக், கிட்டாருடன் தனித்துப் பாடும் ‘முனிவர்’ என்ற சொந்தப் பாடலையும் இடையே சேர்த்தார். மூலத்தில் ஏக்கத்தோடு மெல்ல நகரும் பழங்கோட்டை, எமர்சனின் கையில் துள்ளியோடும் நடையாகி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் போய்க் கலந்தது.

அந்தத் துள்ளலுக்குத் துணைநின்ற கருவி மூக் சின்தசைசர். மின்னலைவுகளைக் கொண்டு ஒலியை உண்டாக்கும் இக்கருவியை ராபர்ட் மூக் 1960-களில் ஒலிப்பதிவுக்கூடங்களுக்காக வடிவமைத்தார். ஒவ்வொரு ஒலிநிறத்துக்கும் இணைப்புக் கம்பிகளை மாற்றிச் செருக வேண்டியிருந்ததோடு, அரங்கின் வெப்பம் ஏறினாலே சுருதி விலகிவிடும் என்பதால், அதை ஊர் ஊராக மேடையேற்றுவது துணிகரமான செயலாகவே இருந்தது.

1971 மார்ச் 26 அன்று நியூகாசில் சிட்டி ஹாலில் நடந்த நிகழ்ச்சியே இசைத்தட்டாகப் பதிவானது. அவ்வரங்கில் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனம் 1928-இல் அமைத்த பெரிய குழாய் ஆர்கன் ஒன்று உயரத்தில் நின்றது. தொடக்க உலாவை எமர்சன் அதில் வாசித்தார். அங்கிருந்து இறங்கி மேடையிலுள்ள தம் கருவிகளை அடைய அவருக்குச் சற்று நேரம் தேவைப்பட்டதால், அந்த இடைவெளியைப் பாமரின் டிரம்ஸ் உருட்டல் நிரப்பியது. நடப்பதற்கென்று எழுதப்பட்ட இசைக்குப் பிறகு வாசித்தவரே நடந்து சென்ற அந்தச் சில நொடிகள், தேவையினால் நேர்ந்தவை என்றாலும், கண்காட்சிக்கூடத்தில் ஓவியத்திலிருந்து ஓவியத்துக்கு நடந்த முஸோர்க்ஸ்கிக்கு மிக அருகில் இப்படைப்பைக் கொண்டுசென்ற நொடிகள் எனலாம்.

செவ்வியல் தொகுதி ஒன்றை ராக் ரசிகர்கள் வாங்குவார்களா என்ற தயக்கம் இருந்தமையால் வெளியீடு தள்ளிப்போயிற்று. 1971 நவம்பரில் பிரிட்டனில் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்த அந்த இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடத்தையும், பின்னர் அமெரிக்காவில் 10-ஆம் இடத்தையும் எட்டியது. ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்த வடிவம் ஒன்று 1993-இன் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி மாண்டிகோர்’ தொகுப்பில்தான் முதலில் வெளிவந்தது; 1994-இன் ‘இன் தி ஹாட் சீட்’ தொகுப்பில் கூடுதல் உருப்படியாகவும் அது இடம்பெற்றது. அதற்குள் மேடை வடிவத்துக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. 2010 ஜூலை 25 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் மூவரும் கடைசி முறையாக ஒன்றாக மேடையேறியபோது வாசித்த உருப்படிகளுள் இதுவும் ஒன்று. எமர்சனும் லேக்கும் 2016-இல் மறைந்தனர்.