கூட்டுபவரின் நெஞ்சைக் காக்க வந்த இயந்திரம்



பனையோலைப் பாய் விரித்த காலத்தில், பாயை வெளியே உதறினால் பள்ளிவாசல் துப்புரவாகிவிடும். இன்று கார்பெட்டுக்குள் கடற்கரை மணல் தங்குகிறது. கூட்டினால் தூசி கூட்டுபவரின் நெஞ்சுக்குள்தான் போகிறது. அதனால்தான் பாவித்த வெக்கியூம் கிளீனராவது வாங்குவோம் என்கிறோம்.

1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து வீதியில் நிற்கும். குழாய்கள் ஜன்னல் வழியே உள்ளே போகும். 1907இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர், விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் சேர்த்துக் கையால் தள்ளும் ஒன்றைச் செய்தார். அந்த உரிமையை ஹூவர் வாங்கினார். 1921இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ், தரையில் இழுத்துச் செல்லும் உருளை வடிவத்தைக் கொண்டுவந்தது. நாம் வாங்குவது அதன் பரம்பரை.

ஆகவே, வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். பின்பக்கம் தூசி கக்கினால், கருகல் மணம் வந்தால் வேண்டாம். குழாயில் வெடிப்பு இருக்கிறதா எனத் தடவுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டாக இருக்கலாம்; நமது 230 வோல்ட்டில் நேரே சொருகினால் எரிந்துவிடும்.

பை நிரம்புமுன் கொட்டுங்கள். காற்றோட்டம் தடைப்பட்டால் மோட்டார் சூடாகும். பில்டரைக் கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள். ஈர மணலை உறிஞ்ச வேண்டாம். பழுதானால், நயினாதீவார் குறிகட்டுவானுக்குப் படகேறித்தான் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒருவர் இதைப் பொறுப்பெடுங்கள். முஅத்தினாரின் இருமலும் நமது பொறுப்புத்தான்.